ஒரே ஓர் இடம் மட்டும் காய்ந்தது

பசங்களா, பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் உங்கள் அப்பா, அது உங்களுக்கே தெரியும். மதர்போர்டு ரிப்பேர் செய்கிறவனுக்கு மீட்டர் காட்டுவதுதான் உண்மை. ஆனாலும் மேற்குத் தாம்பரத்தில் நம் கடையில், பட்டப்பகலில் நடந்ததை எழுதி வைக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

சேலையூரிலிருந்து ஒரு டீச்சரக்கா, ஆன் ஆகாமல் போன தன் கணவருடைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். கணவர் தவறிவிட்டார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மகள் கல்யாணத்தன்று போட்டுக் காட்டச் சொல்லி, ஆசீர்வாதம் பேசி அதில் பதிந்து வைத்திருக்கிறார். வேறு எங்கும் அது கிடையாது. அடுத்த வாரம் சர்ச்சில் கல்யாணம். அந்த மாடலில் மெமரியை போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள், தனியாகக் கழற்ற முடியாது, போர்டு செத்தால் அவர் குரலும் போச்சு.

போர்டைக் கழற்றி பவர் சப்ளை மெஷினில் மாட்டினேன், எங்கேயோ ஷார்ட் சர்க்யூட் என்று காட்டியது. எங்கள் வேலையில் இதற்கு ஒரு வழி உண்டு. ஐபிஏ என்கிற ஸ்பிரிட் மாதிரித் திரவத்தை போர்டு முழுக்க பிரஷ்ஷால் தடவி, மெஷினிலிருந்து கொஞ்சமாகக் கரண்ட் விட்டால், கெட்டுப்போன பாகம் சூடாகி அந்த இடம் முதலில் காய்ந்துவிடும். தடவித் தடவிப் பார்த்தேன், எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் காய்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போய்விட்டது.

"முடியலக்கா, மன்னிச்சுடுங்க" என்றேன். கம்பிகளைக் கழற்றிவிட்டு, துடைத்துக் கொடுக்கலாமென்று கடைசியாக ஒருமுறை ஐபிஏ தடவினேன்.

அக்கா அழவில்லை. பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல போர்டைப் பார்த்து, "என்னங்க, எல்லாத்துக்கும் லேட்டு நீங்க. பொண்ணு கல்யாணத்துக்காவது டைமுக்கு வாங்களேன்" என்றார்.

நம்பினால் நம்புங்கள், போர்டு ஓரத்தில் கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்று, அதைச் சுற்றி மட்டும் சட்டென்று காய்ந்தது. மறுபடி தடவினேன், மறுபடியும் அதே இடம். விரல் வைத்தேன், சூடு. கம்பி இல்லை, பேட்டரி இல்லை, கடையில் கரண்டே இல்லை.

கரண்ட் வந்ததும் அதை மட்டும் எடுத்தேன். ஷார்ட் போய்விட்டது, லேப்டாப் ஓடியது. "என் தங்கமே" என்று அவர் குரல் ஆரம்பித்ததுமே நான் கடைக்கு வெளியே வந்து நின்றுவிட்டேன்.

பக்கத்து செல்போன் கடை முரளியிடம் சொன்னால், "இன்னா மச்சான், அந்த ஐபிஏவ மோந்துகினே இருந்தியா?" என்று சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

அந்த கெப்பாசிட்டரை ஒரு மாத்திரை டப்பாவில் வைத்திருக்கிறேன். ஷார்ட் ஆன கெப்பாசிட்டரில் மீட்டரை வைத்தால் பீப் என்று கத்தும். இது ஒருமுறைகூடக் கத்தியதில்லை, புதுசு மாதிரி நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் போர்டில் கெட்டிருந்தது எது? நேற்று உங்கள் அம்மா முன்னால் இதற்கும், பக்கத்தில் வைத்த இன்னொன்றுக்கும் சேர்த்தே ஐபிஏ தடவினேன். அது ஈரமாகவே இருந்தது, இது காய்ந்துவிட்டது. அம்மா தொட்டுப் பார்த்தாள். அதை டப்பாவில் போட்டு மூடி என் கையில் கொடுத்தாள்.