உரம் போடாத கீரை

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வேளாண் ஆய்வகத்தில், வேர்கள் எவ்வளவு குடிக்கின்றன என்று அளந்துகொண்டிருந்தேன். கடுகு நாற்றுகளை நைட்ரேட் என்னும் தழைச்சத்து உப்பு இல்லாத நீரில் சில நாள் பட்டினி போட வேண்டும். பிறகு நைட்ரேட் கரைத்த நீரில் நிறுத்தி, மணிக்கொரு முறை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எழுத வேண்டும். மாதிரி எடுக்க ஒரு படிவம், மாதிரி கெட்டுப்போனால் இன்னொரு படிவம். எல்லாம் எனக்கு மனப்பாடம்.

வேரின் சவ்வில் நைட்ரேட்டை உள்ளே இழுக்கும் புரதங்கள் உண்டு. பஞ்சத்துக்கென்று ஒரு வகை. ஒரு துளியைக்கூட விடாது. செடிக்கு வயிறு நிறைந்ததும் அவை குறைந்துவிடும். ஒரு புரதம் மட்டும், பாஸ்பேட் ஒட்டினால் பஞ்சத்துக்கும் விலகினால் மிகுதிக்குமாக இரண்டு வேலையும் பார்க்கும். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவரும் இருந்ததில்லை. ஆனால் வெளியே நைட்ரேட் அளவு மீறிக் கிடந்தால் செடியால் முழுவதுமாகக் கதவடைக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். மிஞ்சியதை இலையில் பதுக்கிக்கொண்டு கரும்பச்சையாக நிற்கும். பார்க்க நன்றாக இருக்கும்.

ஜீவனஹள்ளியில் என் வீட்டு மாடியில் ஓர் இளம் தம்பதி குடியிருக்கிறார்கள். மூன்று மாதப் பெண் குழந்தை. கோடையில் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் நின்றுபோனபோது, பால் பவுடர் கரைக்க என்ன செய்வது என்று குழந்தையின் தாய் என்னிடம் கேட்டாள்.

"போர் தண்ணியே போதும்மா. இருபது நிமிஷம் நல்லா கொதிக்க வை. அதுதான் முறை," என்றேன்.

மூன்று வாரம் கழித்து, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போனேன். பெயின்ட் வாளிகளில் அவள் வைத்திருந்த முளைக்கீரை கிட்டத்தட்டக் கருத்திருந்தது.

"என்னம்மா உரம் போடறே?"

"ஒண்ணுமே போடல அங்கிள். மண்ணுகூட ரெண்டு வருஷமா மாத்தல. வெறும் போர் தண்ணிதான். உங்க வீட்டுத் தண்ணி ராசி."

இரண்டு வருடம் உரம் காணாத மண்ணில் கீரை வெளுத்துக் கிடக்க வேண்டும். அதற்குத் தீனி எங்கிருந்து வந்தது? வாளிக்குள் புதிதாகப் போனது தண்ணீர் ஒன்றுதான். ஆழ்துளைக் கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, தெருவில் சாக்கடைக் குழாய் உடைந்து பல மாதமாகிறது; கழிவு மண்ணில் இறங்கி நைட்ரேட்டாக மாறும். நாற்றம் பற்றி இரண்டு முறை மனு கொடுத்தவன் நான்.

கீழே வந்து, அலமாரியில் கிடந்த நைட்ரேட் சோதனைத் தாளை போர் தண்ணீரில் நனைத்தேன். ஒரு நிமிடம் காத்திருப்பது விதி. பத்து நொடியிலேயே தாள் பீட்ரூட் நிறமாகிவிட்டது.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக, மீதியில் அது கெட்டிப்படும். பெரியவர்கள் வயிறு தாங்கும். கைக்குழந்தையின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி, இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இதை வகுப்பெடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

மறுபடி மாடிக்கு ஏறினேன். "பாப்பா எங்கம்மா?"

"தூங்கறா. நாலு நாளா தொந்தரவே இல்ல. நகம் மட்டும் லேசா நீலமா இருக்கு. கிளினிக்ல சளின்னாங்க."

குழந்தையின் உதடு சிலேட்டு நிறத்தில் இருந்தது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசியில் எடுத்த இரத்தம் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. டாக்டரம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தாயிடம் திரும்பினார்.

"போர் தண்ணிய கொதிக்க வெச்சா சரியாயிடும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்," என்றேன்.

மருந்து நரம்பில் ஏறி அரை மணி நேரம் கழித்துக் குழந்தை அழுதது. உதட்டின் ஓரத்தில் சிவப்பு தெரிந்தது. நாளை வரை எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா.

"நீங்க கிளம்புங்க அங்கிள். அவரு வந்துட்டிருக்காரு," என்றாள் அவள். மரியாதையாகத்தான் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை.