டிராலி ரோட்டில் வெட்டிய படிகள்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. மடுல்சீமைக்கும் லுணுகலைக்கும் நடுவில் இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த ஓரறை வீடுகளில் ஒன்றில், நாங்கள் குடியிருந்தோம். எனக்கு அப்போது இருபது வயதிருக்கும். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் என் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. கம்பை ஊன்றிக்கொண்டு சமதரையில் நடப்பேன். கால்தான் அப்படி, வாய் நன்றாகவே ஓடும். லயத்தில் என்னிடம் வாய் கொடுக்க யாரும் அவ்வளவு சுலபமாகத் துணிய மாட்டார்கள்.

எனக்கு எதிரி படிதான். மேல் லயத்திலிருந்து கீழே போவதென்றால் தேயிலைக்கு நடுவே நேராக இறங்கும் கல்படிகளை விட்டால் வேறு வழி கிடையாது. பள்ளிக்கூடம், கோயில், டிஸ்பென்சரி, பெக்டரி, பஸ் ரோடு எல்லாமே கீழே. சின்னப் பிள்ளையாக இருந்தவரை அப்பா தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனார். பெரிய மனுஷியானதும் அது நின்றது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது ஒரு பக்கம். இன்னொன்றும் இருந்தது. எங்கள் பக்கம் வளர்ந்த ஆளைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் இறங்குகிறார்கள் என்றால், ஒன்று உயிர் போகிற நோயாக இருக்கும், இல்லையென்றால் உயிர் போயிருக்கும். கம்பில் கம்பளியைக் கட்டி அதில் வைத்துத் தூக்கிப் போவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, என்னை யாரும் எதற்காகவும் தூக்கக் கூடாது என்று ஒரே முடிவாகச் சொல்லிவிட்டேன். அதோடு நான் கீழே போவதும் நின்றுபோனது. திருவிழா மேளத்தை வாசலில் உட்கார்ந்து கேட்பதோடு சரி.

எங்கள் லயத்துக்குப் பின்னால் டிராலி ரோடு என்று ஒன்று இருந்தது. பறித்த கொழுந்தை மூட்டையாகக் கட்டி, சின்னத் தண்டவாளத்தில் டிராலியில் வைத்து பெக்டரிக்குத் தள்ளிக்கொண்டு போவார்களாம். மலையின் இடுப்பைச் சுற்றி ஏற்ற இறக்கமே இல்லாமல் போகிற பாதை. மறுபக்கத்தில் லொறி ரோடு வந்ததும் டிராலி நின்றது. தண்டவாளத்தையும் நடுவில் ஓடைக்கு மேல் இருந்த இரும்புப் பாலத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு மானாப் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, அட்டையும் பாம்பும் குடியிருக்கும் இடமாகிவிட்டது. விறகுக்குக்கூட யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

அந்த வருஷம் அக்கா வீட்டுக்கு இந்தியா பாஸ்போட் வந்தது. அக்காவை அதே லயத்தில் நாலு காம்பரா தள்ளித்தான் கட்டிக் கொடுத்திருந்தோம். தோட்டத்து ஆட்களை இந்தியாவும் சிலோனும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் வந்தபோது அத்தான் வீட்டார் இந்தியாவுக்குப் பதிந்தார்கள், அப்பா சிலோனுக்குப் பதிந்தார். ஒரே லயம் அப்படி இரண்டாகிவிட்டது. பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் போக வேண்டும். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

போகிறவர்களை ஸ்டேஷன்வரை போய் வழியனுப்புவது எங்கள் வழக்கம். லயமே லொறி ஏறிப் போகும். கோச்சி நகரும்வரை கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த கோச்சி பக்கத்தில் ஒரு தடவை நிற்க வேண்டும். படியில் இறங்கவும் முடியாது, தூக்க விடவும் மாட்டேன் என்றால் அது எப்படி நடக்கும்? அக்காவிடம் நான் இதை வாய்விட்டுச் சொல்லவேயில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அத்தான் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் பீற்றிக்கொள்கிற மனுஷன். ஒரு வேலை செய்தால் பத்து வேலை செய்ததாகச் சொல்வார்.

"டிராலி ரோட்ட வெட்டித் தொறந்துட்டா என்னா? சொகமில்லாத ஆளுங்களக் கொண்டு போகலாம், புள்ளைங்க பள்ளிக்கூடம் போகும். இவளும் போவா."

"போற மனுஷனுக்கு ரோடு எதுக்கு அத்தான்?" என்றேன்.

"நாக்குல தேன் தடவித்தான் ஒன்னைய பெத்தாங்க போல," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஆனால் விடவில்லை. கோயில் கூட்டத்தில் பேசி, சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய், தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் கேட்டார். தேயிலைச் செடி ஒன்றுகூடச் சாகக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தொரை தலையாட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூலி இல்லாமல் எல்லோரும் கூடிச் செய்கிற சிரமதானம். ஆண்கள் மம்பட்டியோடும் கவ்வாத்துக் கத்தியோடும் போவார்கள். பெண்கள் புல்லை வாரிக் கொட்டுவார்கள். அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்கார நுரையைப் பூசிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் எல்லோரும் போனார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற பொறுப்பை எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் பாஸ்போட் கிடைத்தவர்கள். நாள் குறித்ததும் போகப்போகிறவர்கள், தாங்கள் நடக்கப்போகாத ரோட்டை வேர்வை சொட்டச் சொட்ட வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியிடம் கேட்டேவிட்டேன். அவள் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே, "சும்மா குந்தியிருந்தா அழுகை வருது புள்ள. மம்பட்டி புடிச்சா வரல," என்றாள். அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

லுணுகலையிலிருந்து துணி மூட்டை கொண்டுவரும் ஒரு முஸ்லிம் வியாபாரி இருந்தார், நானா என்போம். படி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் வாசலில் சாய்வார். ரோடு திறக்கப்போகிறது என்று கேட்டதும், கடைக்குப் பின்னால் கிடந்த பழைய சைக்கிள் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். "இந்த மலையில சைக்கிள் ஓட்ட எங்க எடம் இருந்திச்சு? இப்ப இருக்கு. தங்கச்சி குந்திக்கட்டும், ஆராச்சும் தள்ளிட்டுப் போங்க," என்றார். அதற்கு பிரேக் பிடிக்காது. மணி மட்டும் நன்றாக அடிக்கும்.

அக்கா புறப்படும் வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரோடு திறந்தது. தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, சைக்கிள் கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அத்தான் சைக்கிளைத் தள்ளினார். அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். பின்னால் லயத்துச் சனம் முழுக்க. நான் மணியை அடிக்கச் சொல்லி அத்தானின் உயிரை வாங்கினேன். ரோடு சமமாகப் போனது. இரண்டு பக்கமும் தேயிலை. என் வாழ்க்கையில் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

ஒரு முடக்கு திரும்பினோம். பாலம் இருந்த ஓடை வந்தது. அத்தான் நின்றுவிட்டார்.

ஓடைக்குள் இறங்கவும் மறுபக்கம் ஏறவும் படி வெட்டியிருந்தார்கள். சும்மா படி இல்லை. கல் பார்த்துப் பதித்து, விளிம்பு தட்டி, கோயில் படி தோற்றுப்போகும். பரம்பரையாக மலையில் படி வெட்டிய கைகள். சரிவைக் கண்டால் அந்தக் கைகளுக்குப் படிதான் தெரியும். இத்தனை ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் வேலை செய்தும், யாருக்காகப் பேச்சைத் தொடங்கினோமோ அவளால் படி இறங்க முடியாது என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. அந்தப் படியை முன்னால் நின்று வெட்டியது அத்தான்தான்.

நான்தான் வாயைத் திறந்தேன். "ரோடு நல்லாத்தான் இருக்கு அத்தான். எனக்குப் பதிலா ஒரு ஆட்டக் கூட்டிட்டு வந்திருக்கலாம்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், பாவம், சிரிக்காமல் என்ன செய்வார்கள். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு அந்த முதல் படியிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான் தூக்கிட்டு எறக்குறேன்," என்று அப்பா மெதுவாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். சைக்கிளைத் திருப்பச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் புகைக்குள் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு பாட்டம் அழுது தீர்த்தேன்.

அதற்குப் பிறகு அக்கா என்னைப் பார்க்க வரவேயில்லை. நாலு காம்பரா தள்ளி இருப்பவள், நாட்டை விட்டே போகப்போகிறவள், ஒரு வாய் தேத்தண்ணிக்குக்கூட வந்து உட்காரவில்லை. அம்மாவிடம் கேட்டால் சாமான் கட்டுகிறாள் என்பாள், சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறாள் என்பாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. மனம் இப்போதே கப்பல் ஏறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். அவள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன்.

புறப்படுகிற நாள் காலையில் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. அத்தான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். பின்னால் அக்கா. பிள்ளை அம்மாவிடம் இருந்தது.

"ஏறு," என்றார்.

"எங்க? படி வரைக்குமா?"

"ஏறுடி," என்றாள் அக்கா.

அவள் குரலைக் கேட்டதும் திருப்ப வைத்திருந்த முகம் திரும்பவில்லை. ஏறி உட்கார்ந்தேன். ஓடை வருகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். சைக்கிள் நிற்கவில்லை. மலைப் பக்கமாக வளைந்து மெல்ல இறங்குவது தெரிந்தது. கண்ணைத் திறந்தால், ரோடு ஓடையின் ஒடுக்கமான இடம்வரை உள்ளே போய், மரத்தைப் போட்டு மண் நிரப்பிய இடத்தில் தண்ணீரைத் தாண்டி, மறுபக்கம் மெதுவாக ஏறியது. வெட்டிய மண் ஈரம்கூடக் காயவில்லை. பிரேக் இல்லாத சைக்கிள் சரிவில் ஓடிவிடாமல் அக்கா பின்னால் கேரியரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பதித்த கல்படியைக் காணவேயில்லை. அந்தக் கல்லையெல்லாம் பெயர்த்து ரோட்டோரத்துக்கு அணை கட்டியிருந்தார்கள்.

"இதுக்குத்தான் வரலையா?" என்று கேட்டேன்.

"பேசாம வா. மூச்சு வாங்குது," என்றாள்.

பீற்றிக்கொள்கிற அத்தான் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த வாரம் முழுக்க அக்காவும் அத்தானும், அதே கோச்சியில் போகிற மற்றக் குடும்பங்களும்தான் அதை வெட்டியிருக்கிறார்கள். இருக்கிறவர்கள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் வேலைக்கு நிற்க வேண்டும். போகிறவர்களுக்குப் பேர் வெட்டியாகிவிட்டது, வேலை இல்லை. சாமான் கட்டுவதையும், சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்வதையும் அரைகுறையாக விட்டுவிட்டு அங்கே நின்றிருக்கிறார்கள்.

பெக்டரி வந்தது. கோயில் வந்தது. கோபுரத்துக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்கள். நான் கடைசியாகப் பார்த்தபோது கோபுரமே இல்லை. அங்கே எல்லோரும் லொறி ஏறி, பசறை வழியாகப் பதுளை போய்ச் சேர்ந்தோம்.

ஸ்டேஷனில் ஒரே அழுகை. கம்பை ஊன்றிக்கொண்டு அக்காவின் ஜன்னலுக்குக் கீழே நின்று கையை நீட்டினேன். அவள் கையைக் கொடுத்தாள். கொழுந்து பறிக்கிற கை எனக்குத் தெரியும், விரல்தான் கறுத்துக் காய்த்திருக்கும். அன்றைக்கு உள்ளங்கை முழுக்கக் கொப்பளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. இறுக்கிப் பிடித்தால் வலிக்கும் என்று பிடியைத் தளர்த்தினேன். அவள்தான் இறுக்கினாள்.

வாய்க்காரி என்று பேர் எடுத்தவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். கோச்சி நகரும்போது அக்காதான் சொன்னாள்.

"மழைக்கு முன்னால அந்த ஓடைப் பக்கத்து கான வெட்டிவிடச் சொல்லு. இல்லாட்டி மண்ணு கரைஞ்சிரும்."

கான் என்றால் தண்ணீர் ஓட வெட்டுகிற வாய்க்கால். அதுதான் என் அக்கா என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பெக்டரியடியில் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடக்கிறேன் என்றேன். அம்மா எப்போதும் போகிற குறுக்குப் படியில் ஏறவில்லை. அப்பா வெறும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, மூன்று பேரும் டிராலி ரோட்டில் மெதுவாக வந்தோம். ஓடையடியில் மண்சுவரில் மம்பட்டி வெட்டு அப்படியே தெரிந்தது. ஒரு பக்கம் ஆழமாக, பக்கத்தில் ஆழமில்லாமல். ஆழமில்லாதது அக்கா வெட்டியது என்று நினைத்து அதில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். லயத்தில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த வருஷம் கீழே பிள்ளைக் காம்பராவில், வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்குக் கிடைத்தது. போகவர அந்த ரோடுதான். சைக்கிளில் பையன்கள் மணி அடித்துக்கொண்டு போவார்கள், சுகமில்லாதவர்களைத் தள்ளிக்கொண்டு போவார்கள், நானா மூட்டையோடு வருவார். ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கான் வெட்டுவது லயத்தில் வழக்கமாகிவிட்டது. ஆள் வராவிட்டால் நான் அந்த அணைக்கல்லில் உட்கார்ந்து கத்த ஆரம்பிப்பேன், என் வாய்க்குப் பயந்தாவது வந்துவிடுவார்கள்.

அக்கா போன ஊரும் அங்கே அவள் நடந்த ரோடும் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் ரோட்டில் அந்த ஓடைச் சரிவு வந்ததும், அவள் இன்னும் பின்னால் நின்று கேரியரைப் பிடித்து என்னை விழாமல் இழுத்துக்கொண்டு வருகிறாள் என்ற தைரியத்தில்தான் இன்றுவரை நான் இறங்குகிறேன்.