கொயினாக்காரி இருளாயி

மலாயாவில் சிலிம் ரிவரிலிருந்து நாலு கல் உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே வந்து இருளாயி வீடு எது என்று கேட்டால் எந்த இருளாயி என்பார்கள். கொயினாக்காரி என்று கேளுங்கள், நடக்கப் பழகுகிற பிள்ளைகூட லயத்து வீட்டைக் காட்டும். காட்டிவிட்டு வாயைப் பொத்திக்கொள்ளும்.

அவளுக்கு அதுதான் வேலை. காலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டு முடித்ததும், நாங்கள் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டக் கிளம்புமுன் வரிசையில் நிற்க வேண்டும். மலேரியாக் காய்ச்சல் வராமலிருக்க ஆளுக்கு ஒரு கொயினா மாத்திரை. இருளாயி ஜாடியிலிருந்து எடுத்து நாக்கில் வைப்பாள், தகரக் குவளையில் தண்ணீர் கொடுப்பாள், அப்புறம் "வாயத் தொற" என்பாள். நாக்கைத் தூக்கச் சொல்வாள். கன்னத்தை விரலால் இழுத்துப் பார்ப்பாள். கொயினா என்ன கற்கண்டா? மத்தியானச் சோறு வரைக்கும் நாக்கு கசக்கும், காதுக்குள் வண்டு கத்தும். அதனால் வாயில் அடக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் துப்பப் பார்ப்போம். நான் மூன்று தடவை அகப்பட்டேன். மூன்றாம் தடவை, என் கொழுந்தியாள் பார்த்துக்கொண்டிருக்க, என்னை இரண்டு மாத்திரை விழுங்க வைத்தாள்.

"தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேற. ஒன் வாய நான் நம்ப மாட்டேன்" என்றாள்.

அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது, மறைப்பானேன். ஆனாலும் அவள் கதையை நான்தான் சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் கண்டபடி சொல்லித் திரிகிறார்கள்.

அவள் அப்படி ஆனது பாப்பாவால். இருளாயிக்கும் சன்னாசிக்கும் இருந்த ஒரே பிள்ளை பாப்பா. ஆறு வயதில் அதற்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் கொயினா மாத்திரை கொடுத்தார். இருளாயி தினமும் அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். முழுங்கினியா என்றால் முழுங்கிட்டேன் என்று அது தலையாட்டும். ஐந்தாம் நாள் பிள்ளை போய்விட்டது. காரியம் முடிந்து வீட்டைச் சுத்தம் செய்தபோது, பலகைச் சுவரின் இடுக்கில் விளக்குமாற்றுக் குச்சி பட்டு ஐந்து மாத்திரைகள் கீழே விழுந்தன. அவள் அன்றைக்கு அழவில்லை. மறுநாள் போய் டிரசரிடம் கொயினா கொடுக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம். அன்று முதல் எங்கள் தோட்டத்தில் வாய் என்று இருந்த எல்லாமே அவளுக்குச் சந்தேகம்தான்.

அவள் புருஷன் சன்னாசி நல்ல வெட்டுக்காரன். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையைச் சீவுவான். இருபத்தேழில் அவன் கை நடுங்க ஆரம்பித்தது. பேச்சு குழறியது. ஒருநாள் பெரட்டில் முன்னால் வந்து நின்று, ஈப்போ ரயில் ஸ்டேஷனைத் தான் விலைக்கு வாங்கிவிட்டதாகவும், திங்கட்கிழமை முதல் துரை தன்னிடம் வந்து பேர் கொடுக்க வேண்டும் என்றும் அறிவித்தான். நாங்கள் சிரித்தோம். மறு வாரம் மறுபடி சொன்னபோது சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவனுக்குப் பெண்டாட்டி பேர் மறந்தது. "இந்தப் பொம்பள யாரு?" என்று எங்களிடமே கேட்டான்.

செய்வினை என்றார்கள். இருளாயி கங்காணியைச் சந்தேகப்பட்டாள், கங்காணி மச்சானைச் சந்தேகப்பட்டாள், பொங்கலுக்குக் கோழிக்கறி கொடுத்தனுப்பிய கருப்பம்மாளைச் சந்தேகப்பட்டாள். என் வீட்டு வாசலிலும் வந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில் தோட்டத்து டிரசர் இரண்டு பேரையும் ரயிலேற்றி, ஈப்போவுக்கு அப்பால் இருந்த பெரிய பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த வார்டு டிரசர் லியோனார்ட் நம் ஆள்தான், ஈப்போ வேதக்காரத் தமிழர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, நிதானமான பேச்சு. அவர்தான் இருளாயியை உட்காரவைத்து விவரம் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னே சன்னாசி காம்பாரில் ஈயம் தோண்டுகிற கம்பத்தில் வேலை செய்த காலத்தில் பொம்பளைச் சீக்கு வாங்கியிருக்கிறான். வெளியே ஆறிப்போனது உள்ளே ஆறவில்லை. பதினைந்து வருஷம் கழித்து மூளைக்கு ஏறிவிட்டது. சும்மா விட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் படுத்த படுக்கையாகிச் சாவான்.

இருளாயிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "பாவி மட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னானா?" என்றாள். அதே மூச்சில், "மருந்து இருக்கா ஐயா?" என்று கேட்டாள்.

"இப்பத்தான் ஐரோப்பாவுல ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க. மலேரியாக் காய்ச்சல்காரன் ரத்தம் கொஞ்சம் எடுத்து இவருக்குக் குத்துவோம். காய்ச்சல் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள், பத்து காய்ச்சல். அந்தச் சூட்டுல மூள நோயோட கிருமி செத்துப்போகும். அப்புறம் கொயினா குடுத்துக் காய்ச்சல நிப்பாட்டிருவோம். முள்ள முள்ளால எடுக்கிற மாதிரிலா."

"முள்ளு குத்தி யாரும் சாகல ஐயா. காய்ச்சல்ல எம்மக செத்துச்சு."

லியோனார்ட் சம்மதக் கைநாட்டு வாங்குகிற காகிதத்தை நீட்டினார்.

"எல்லாரும் பொழச்சிருவாங்களா?"

"இல்லம்மா. பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சப் பேரு தாங்க மாட்டாங்க. மூணுல ஒருத்தரு நல்லா எந்திரிச்சு வீட்டுக்குப் போறாங்க."

அவள் காகிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். யார் ரத்தம் என்று கேட்டாள். எதிர்க் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த ஒரு சீனரைக் காட்டினார்கள். அந்த மனுஷனையும் போய் உற்றுப் பார்த்துவிட்டு வந்தாள். வார்டின் கோடியில் கண் திறந்தபடி அசையாமல் கிடந்த ஒருவனையும் பார்த்தாள். சன்னாசிக்கும் அதே நோய்தான், இரண்டு வருஷம் முற்றினால் அந்தக் கதிதான் என்றார்கள். பிறகு பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள்.

விரல் வைத்தாளே தவிர மனசு வைக்கவில்லை. மறுநாளே தோட்டத்துக்கு வந்து லீவு கேட்டாள். ஜாடியிலிருந்து எட்டு மாத்திரை எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். அஞ்சு வருஷத்தில் அவள் ஒரு மாத்திரைகூடத் தனக்கென்று எடுத்தவளில்லை. அதனால் அவள் மடியைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே மாடு வைத்துப் பால் விற்ற மங்களம் வீட்டில் தங்கினாள். மங்களத்துக்கு வாய் சும்மா இருக்காது. "போன மாசம்கூட காய்ச்சல் குத்துன ஒரு ஆளு போயிட்டாரு அக்கா. நம்ம கூலிக்காரன் ஒடம்புன்னா இவங்களுக்குப் பரீட்ச பண்ணிப் பாக்கத்தானே" என்றாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியாயிற்று. அதற்காக மங்களத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன். வெள்ளைக்காரன் நம்மேல் காட்டுகிற கரிசனத்தை ஒரு தடவைக்கு நாலு தடவை புரட்டிப் பார்ப்பதில் தப்பே இல்லை.

குத்திய பத்தாம் நாள் சன்னாசிக்கு முதல் காய்ச்சல் வந்தது. நாலு கம்பளி போர்த்தியும் கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. பிறகு அனல், பிறகு வேர்வை. பாப்பாவுக்கு வந்த அதே வரிசை. இரண்டாம் காய்ச்சலில் அவன் கண் மேலே செருகியதைப் பார்த்தாள். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் நாலு மணிக்குப் பார்க்க விட்டபோது, முந்தானையால் அவன் முகத்தைத் துடைப்பதுபோலக் குனிந்து ஒரு மாத்திரையை அவன் வாயில் திணித்தாள். தண்ணீர் புகட்டினாள். வாயைத் திறந்து காட்டச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் லியோனார்ட் நின்றிருந்தார். தவிர, பெண்டாட்டி பேரே தெரியாதவனுக்குச் சூது எங்கே தெரியப்போகிறது? விட்டுவிட்டாள். அப்படியே எட்டு நாள், எட்டு மாத்திரை.

காய்ச்சல் நிற்கவில்லை. மூன்றாவது வந்தது, நாலாவது வந்தது, ஐந்தாவதும் வந்தது. இருளாயிக்குத் தலை சுற்றியது. கொயினா போட்டும் நிற்காத காய்ச்சலா? தோட்டத்து டிரசர் மாத்திரையில் மாவு கலக்கிறாரோ என்று சந்தேகம் வந்தது. கடைசி மாத்திரையைக் கொடுக்குமுன் தானே நக்கிப் பார்த்தாள். அசல் கசப்பு. அப்படியானால் திருடன் இங்கேதான் இருக்கிறான் என்று லியோனார்டைப் பிடித்தாள்.

"நான் இல்லாதப்ப மறுபடி மறுபடி ஊசி குத்துறீங்களா ஐயா?"

"ஒரு தடவதான் குத்துனோம். ஏம்மா அப்பிடிக் கேக்கிறே?"

அவள் வெறும் மடியை இழுத்துச் செருகிக்கொண்டு மங்களம் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

ஒன்பதாம் காய்ச்சலில் நாடி விட்டுவிட்டு அடித்தது. மங்களம் வாழைப்பழமும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். பத்தாவதும் வந்து போனது. மறுநாள் டாக்டர் சொல்லி லியோனார்ட் தண்ணி மருந்தாகக் கொயினா கொடுத்தார். இரண்டே நாளில் உடம்பு குளிர்ந்தது. இருளாயி பார்த்துக்கொண்டே நின்றாள். அவருடைய கொயினா நிறுத்துகிறது, என்னுடையது ஏன் நிறுத்தவில்லை? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் ரயிலேறித் தோட்டத்துக்கு வந்தாள். அடுத்த ஐந்து வாரம் பெரட்டில் எங்கள் வாய்கள் பட்ட பாட்டை நான் சொல்லிமாளாது. கன்னம் கிழியாத குறை.

ஆறாம் வாரம் மறுபடி போனாள். சன்னாசி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். சவரம் செய்திருந்தான். ரயில் ஸ்டேஷனைப் பற்றி இப்போது பேசுவதில்லை என்று லியோனார்ட் சொன்னார். இருளாயி வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டுக் கால்மாட்டில் நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"கொயினா கொண்டாந்தியா?" என்றான்.

அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். லியோனார்ட் இரண்டு கட்டில் தள்ளித்தான் நின்றார். "எதுய்யா? என்னய்யா சொல்றே?" என்றாள்.

சன்னாசி தலைமாட்டுப் பக்கம் திரும்பினான். அது இரும்புக் குழாய்க் கட்டில். குழாயின் மேல்நுனிக் குமிழ் கழன்று போயிருந்தது, ஓட்டையில் கந்தல் துணி அடைத்திருந்தது. நடுங்குகிற விரலால் துணியை உருவினான். முதலில் ஒரு மாத்திரை வந்தது. துணியில் ஒட்டிக்கொண்டு இன்னும் சில வந்தன. எச்சில் பட்டுக் கரைந்து, ஓரம் சிதைந்து, மஞ்சள் பூத்துக் கிடந்தன. அவள் கையில் வாங்கி எண்ணினாள். எட்டு.

"முழுங்கலையா?"

"கசந்துச்சு."

"அறிவுகெட்ட மனுசா, நான் எப்பிடிப் பாக்காமப் போனேன்?"

சன்னாசி சிரித்தான். குழறல் பாதி குறைந்திருந்தது. "நீதான் வாயத் தொறக்கச் சொல்லலையே, இருளாயி."

அவள் பேர் அவன் வாயில் வந்து பதினோரு மாசமாகியிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மாத்திரைகளை மறைக்கக்கூடத் தோன்றவில்லை. லியோனார்ட் வந்து பார்த்தார். அவள் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள்: பாப்பாவை, பலகை இடுக்கை, மடி முடிச்சை, எட்டு நாளை. அவர் ஒரு மாத்திரையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதாக இருளாயி என்னிடம் சொன்னாள்.

"இத முழுங்கியிருந்தா மூணாவதோட காய்ச்சல் நின்னிருக்கும்மா. நாங்களும் எதனாலன்னு தெரியாம விட்டிருப்போம்" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாள்.

அவர் போன பிறகு சன்னாசி குனிந்து அவள் உள்ளங்கையைப் பார்த்தான். புருவத்தைச் சுளித்து எதையோ யோசித்தான்.

"பாப்பா அஞ்சுதான ஒளிச்சு வெச்சிருந்துச்சு?" என்று கேட்டான்.

புத்தி தடுமாறியதிலிருந்து அவன் அந்தப் பேரை எடுத்ததில்லை. பிள்ளை ஒன்று இருந்ததையே மறந்திருந்தான். இருளாயி அப்போதுதான் அழுதாள். ஐந்து வருஷமாக உள்ளே கிடந்தது எல்லாம் வந்தது. வார்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். எதிர்க் கட்டில் சீனர் எழுந்து வந்து தன் குவளையில் தண்ணீர் கொடுத்தார்.

சன்னாசி மூன்று மாசத்தில் தோட்டத்துக்கு வந்தான். கத்தி பிடிக்கக் கை நிற்கவில்லை. புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டு அடுக்குகிற வேலை கொடுத்தார்கள். காலையில் எங்களோடு வரிசையில் நிற்பான். அவன் முறை வந்ததும், அவள் கேட்கிறதுக்கு முன்னாலேயே வாயை ஆவென்று திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவான். அவளும் விடமாட்டாள். கன்னத்தை இழுத்துப் பார்ப்பாள், கடைவாய்க்குள் விரல் விட்டுப் பார்ப்பாள், கங்காணி நேரமாச்சு என்று கத்துவான். நாங்கள் யாரும் முணுமுணுக்காமல் வெயில் ஏறுகிறவரை நின்றுகொண்டிருப்போம்.