செல்போனுக்குப் பயந்து குனிந்தேன்

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறேன். எனக்கு இடுப்பு வலி உண்டு. வேலை போய்விடும் என்ற பயத்தில் அதை யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் கேண்டீனில் யோகா வகுப்பு வைத்தார்கள். முதுகெலும்பு நன்றாக அசைய வேண்டுமாம். டீ குடிக்க எழுந்தாலே முறைக்கிறவர்களுக்கு எங்கள் முதுகு மேல் திடீரென்று என்ன அக்கறை? ஆபீஸ் மேடம் வேறு செல்போனில் எங்களைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார். குனிய முடியாதவர்களைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பத்தான் இந்த வேலை என்று எனக்குத் தோன்றியது.

"இழுக்கற இடத்துல நிறுத்திக்கோங்க. உங்க முதுகை மட்டும் கவனிங்க" என்றார் யோகா டீச்சர். நான் செல்போனைக் கவனித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கால் விரலைத் தொட்டேன். இடுப்பிலிருந்து குதிகால் வரை சுரீரென்று இழுத்தது. கால் மரத்துப்போய் அப்படியே விழுந்தேன்.

டீச்சர் ஓடி வந்தார். "ஏனுங்கக்கா, வலி இருக்குதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னா நாளைக்கு என்னை மிஷின்ல உக்கார உடுவாங்களா? அந்த மேடத்தையே கேட்டுச் சொல்லுங்க."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். மேடம் செல்போனை இறக்கினார்.

இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். தப்பித்தேன்.

இப்போதும் வகுப்புக்குப் போகிறேன். டாக்டர் சரி என்றதை மட்டும் மெதுவாகச் செய்கிறேன். இடுப்பு இளகுகிறது, அதை மறைக்க மாட்டேன். இழுத்தால் நிறுத்திவிட்டு, "வலிக்குதுங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறேன். யாராவது செல்போனைத் தூக்கினால், அதை உள்ளே வைக்கிற வரை நான் குனிவதே இல்லை.