மூணு ஆழாக்குப் பணியாரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு கணக்குப் பரீட்சை நடந்தது. எழுதியது என் மருமகள் மீனா. பி.எஸ்ஸி. கணிதம். கல்யாணமாகி ஒரு மாசம்தான் ஆகிறது.

ஒக்கூரிலிருந்து அவள் அப்பா முதல் தடவையாக வருகிறார். உறவுக்காரர்களையும் சேர்த்துப் பதினஞ்சு பேர். "வெள்ளைப் பணியாரம் நான்தான் சுடுவேன், அயித்தை" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டாள். பிறந்த வீட்டுக்காரர்கள் முன்னால் பேர் வாங்க வேண்டாமா!

மாமியார் அளவு சொன்னாள். "நாப்பது பேருக்கு ஒரு படி. அரிசியைத் தலைதட்டி அளந்து, அதுக்கு மேல உளுந்து கோபுரமா நிக்கணும்."

இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான் கணக்கு. முழுப் படியையும் போட்டால் என்ன என்கிறீர்களா? நல்லா கேட்டீர்கள்! பச்சரிசிக்கு ஊரே அல்லாடுகிற நேரம் இது.

மீனா கரித்துண்டை எடுத்துத் தரையில் வகுத்தாள். பதினஞ்சை நாற்பதால் வகுத்தால்... 0.375 படி!

"சரித்தா... படியைக் குறையா அளந்தா உளுந்து எங்குட்டு நிக்கும்? உள்ளேல்ல விழும்?" என்றாள் மாமியார்.

நியாயம்தானே? மீனாவின் முகம் விழுந்துவிட்டது. என் மகன் வேறு, "அரைப் படி போடேன், கிட்டத்தட்ட சரியா வரும்" என்றான். "நீங்க பேசாம இருங்க!" என்றாள் மீனா.

மறுபடி கரி. ஆயிரத்தில் 375. மேலும் கீழும் ஐந்தால் வகுத்தாள் – 75/200. இன்னொரு தரம் – 15/40.

அட, கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டாள்! எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கோ கண் கலங்கிவிட்டது. மத்தியான பஸ்ஸில் வந்துவிடுவார்கள்; அரிசி ஊறவே ரெண்டு மணி நேரம் வேண்டும்.

"இருங்க மாமா... இது இன்னும் சுருங்கும்!" மறுபடி ஐந்தால் வகுத்தாள். 3/8.

"எட்டுல மூணா? படியில எட்டுல ஒண்ணு ஆழாக்குல்லத்தா!" என்று மாமியார் ஆழாக்கை நீட்டினாள். மூன்று ஆழாக்கு அரிசி தலைதட்டி. ஒவ்வொன்றின் மேலும் உளுந்துக் கோபுரம். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... வாசல் வரை கேட்டது.

இவ்வளவுதான் என்று பாதியில் விட்டுவிடுகிற கணக்குகள் நம்மிடம் எத்தனை! இன்னும் ஒரு தரம் வகுத்துப் பார்க்கத்தான் பொறுமை இல்லை.

பணியாரம் வெள்ளை வெளேரென்று உப்பி வந்தது. சம்பந்தி ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, "தங்கச்சி, ஒங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்!" என்றார்.

என் மனைவி மருமகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"எனக்கு நாப்பது பேருக்குத்தான் சுடத் தெரியும்ணே. நீங்க சாப்பிட்டீகளே, அது ஒங்க மக சுட்டது!"