அக்தரி அக்காவின் தாலின்

எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் அக்தரி பேகத்தின் கால் வைத்ததுதான் சட்டம். ஐரோப்பாவுக்குப் போகும் பெண்கள் பூட்ஸுக்கு முப்பத்தேழாம் சைஸில்தான் சாம்பிள் தைப்போம். அக்தரி அக்காவின் பாதம் ஒரு நூல் கூடாமல் குறையாமல் அதே முப்பத்தேழு. பூட்ஸை மாட்டிக்கொண்டு சாம்பிள் ரூமின் சிமென்ட் தரையில் பதினைந்து அடி நடப்பார். "சுண்டுவிரலாண்ட கடிக்குது சார்" என்றால் பூட்ஸ் தைக்கும் அந்தக் கால்வடிவ அச்சைத் திருத்தியே ஆகவேண்டும். "ஓகே" என்றால் நான் வெளிநாட்டுக்கு மெயில் தட்டுவேன். நான் கார்முகிலன், ஏற்றுமதிப் பிரிவு. பதினான்கு வருடமாகக் கம்பெனியின் ஆங்கிலம் முழுவதும் என் கையில்தான் இருக்கிறது. அந்தத் திமிரும் எனக்கு உண்டு, மறைப்பானேன்.

பனிக்கால பூட்ஸ் எங்களுக்குக் கத்திரி வெயிலில்தான் வரும். ஃபேன் அனல் காற்றை வாரி இறைக்கும். அக்கா முழங்கால் வரை கம்பளி வைத்த பூட்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு, நெற்றி வேர்வையைத் துப்பட்டாவில் ஒற்றியபடி நடப்பார். இருபது வருடமாக இப்படித்தான். பனியை அவர் கண்ணால் கண்டதில்லை.

போன வருடம் மே மாதத்தில் அந்த நடை மாறியது. அவருடைய ஒரே மகள் அம்பரீன், எஸ்தோனியா நாட்டில் தாலின் என்கிற பழைய நகரத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள். போய் மூன்று வருடம். முதல் வருடம் வேலை புதிது, அடுத்த வருடம் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கவேண்டியிருந்தது, இப்படி ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்று வந்து அவள் ஊருக்கு வருவது தள்ளிப்போனது. "கிறிஸ்மஸுக்கு ஆபீஸ் பத்து நாள் மூடுறாங்க. நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க அம்மீ" என்று சொல்லிவிட்டாள்.

தையல் பிரிவுப் பெண்கள் அக்காவை விடவில்லை. "இன்னாக்கா, நம்ப பெருநாளைக்கே ஒரு நாள் ஜாஸ்தி லீவு எடுக்க மாட்ட. கிறிஸ்மஸுக்குப் பத்து நாளா?"

"லீவு யாருதா இருந்தா இன்னாடி, புள்ள என்னுதுதான?" என்றார் அக்கா.

அதன்பிறகு சாம்பிள் ரூமே தாலின் ஆகிவிட்டது. அம்பரீன் அனுப்பிய படங்களை வைத்து அக்கா நகரத்தை அங்கேயே கட்டி எழுப்பிவிட்டார். தோல் வெட்டும் மேஜைதான் நடுச் சதுக்கம், அங்கே பெரிய கிறிஸ்மஸ் மரம் நிற்கிறது. அச்சுகள் அடுக்கிய ரேக் எல்லாம் கோட்டை மதில். வேலூர்க் கோட்டையைவிடப் பழசாம், சிவப்புத் தொப்பி போட்ட கோபுரங்களாம். தண்ணீர் கேன் இருக்கும் மூலைதான் மகளின் தெரு. பூட்ஸ் மாட்டியதும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நடப்பார். பதினைந்து அடி தாண்டியும் நிற்கமாட்டார். ஒருநாள் கதவைத் தாண்டி, பசை ஒட்டும் லைன் வரைக்கும் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடி, "அக்கா, எங்க போறீங்க?" என்றேன். "கோபுரத்துக்கு சார்" என்று சொல்லிவிட்டு, சொன்னது உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அனலில் எனக்கும் ஒரு நொடி குளிர்ந்தது.

அவர் கணவர் ஜியாவுல்லா பாய் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். அவருடைய கவலை வேறு. "மூணே கால் மணிக்கே சூரியன் எறங்கிடுமாம் சார். சாப்ட கை காயறதுக்குள்ள மக்ரிப் தொழணும்" என்று என்னிடம் புலம்பிவிட்டு, அடுத்த நாளே இரண்டு ஸ்வெட்டர் வாங்கிவந்தார்.

அக்டோபரில் விசாவுக்குக் கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. "எதுக்குப் போறீங்கன்னு எழுதணும்க்கா" என்றேன். அக்கா தரையைப் பார்த்தபடி, "நம்ப பூட்ஸு பனியில எப்படி நடக்குதுன்னு பாக்கணும் சார்" என்றார். எனக்கு அது பிரமாதமாகப் பட்டது. கம்பெனி லெட்டர்ஹெட்டை எடுத்தேன். பயணத்தின் நோக்கம்: குளிர்காலக் காலணிகளைப் பனித்தரையில் அணிந்து பரிசோதித்தல். ஸ்டைல் நம்பர்கூடப் போட்டேன். கணவர் உடன்வருகிறார் என்று கடைசியில் ஒரு வரி. மகளின் அழைப்புக் கடிதத்தை அதன் பின்னால் குத்திவைத்தேன்.

சுற்றுலா விசா கேட்டுவிட்டு, வேலைக்கு வருகிறோம் என்று எழுதிக்கொடுத்தால் யார் விடுவார்கள்? நவம்பரில் இரண்டு பாஸ்போர்ட்டும் திரும்பி வந்தன. பயணத்தின் நோக்கம் நம்பும்படி இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தது. அந்தத் தாளைப் படித்த நிமிடத்திலேயே தப்பு யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஆங்கிலத்தை நானே செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது.

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்கு ஒரு சாம்பிள் மாட்டி நடந்தார். சரியாகப் பதினைந்து அடியில் நின்று, "ஓகே சார்" என்றார். அதை என்னால் தாங்கமுடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன்.

"தப்பு என்னுதுக்கா. இன்னொரு தடவை போடலாம். இப்ப நெஜமா சொல்லுங்க, எதுக்குப் போறீங்க?"

 அக்கா பூட்ஸின் ஜிப்பை ஏற்றி இறக்கிக்கொண்டே சொன்னார். "போன ரம்ஜான்ல ஒரு வாரம் காய்ச்சல்ல தனியாப் படுத்துக் கெடந்திருக்கா சார். தண்ணி குடுக்கக்கூட ஆளில்ல. பெருநாள் முடிஞ்சப்புறம்தான் எனக்குச் சொன்னா. பனி பனின்னு நான் பேசினதெல்லாம்... புள்ளையப் பாக்கணும்னு வாயத் தொறந்தா அழுகை வந்துடும். வேலை செய்யற எடத்துல நின்னு அழச் சொல்றியா?" அப்புறம் அழுதேவிட்டார்.

பதினான்கு வருடமாக அந்தப் பாதத்தின் ஒவ்வொரு விரலும் எனக்குத் தெரியும். அதற்கு மேலே ஒரு தாய் நிற்பது தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்தமுறை வெள்ளைத்தாளில், அவர் சொன்னதையே எழுதினேன். மகள் நோயில் தனியாக இருந்தாள், மூன்று வருடமாகப் பார்க்கவில்லை, பார்த்துவிட்டு வந்துவிடுவோம். அவ்வளவுதான், கீழே இருவரின் கையெழுத்து. டிசம்பர் பதினேழாம் தேதி விசா வந்தது. இருபதாம் தேதி ஜியாவுல்லா பாய் இரண்டு ஸ்வெட்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே சென்னைக்கு டாக்ஸி ஏறினார்.

கிறிஸ்மஸ் அன்று கம்பெனி லீவு. மத்தியானம் எனக்கு இருப்புக்கொள்ளாமல் தாலினுக்குப் போன் போட்டேன். அக்கா எடுத்தார்.

"எப்படிக்கா இருக்கு? சதுக்கம், கோபுரம் எல்லாம் பாத்தீங்களா? பூட்ஸு வழுக்குதா?"

"மெதுவா பேசு சார்" என்று கிசுகிசுத்தார். "ஜன்னலுக்கு வெளிய கொட்டோ கொட்டுனு கொட்டுது. இவுரு மட்டும் கொழந்த மாதிரி எறங்கி ஆடிட்டிருக்காரு. நான் வந்து நாலு நாளாச்சு, இன்னும் தெருவுல காலே வெக்கல."

"ஏன்க்கா?"

"இவ என் மடியிலயே தல வெச்சுத் தூங்கறா சார். எழுப்ப மனசு வரல."