துரை வந்த அன்று கட்டிய வேப்பிலை

ரங்கூன் கல்லூரிகளையெல்லாம் இழுத்து மூடியிருந்த காலம். படிப்பு நின்றுபோன என் மகள், நான் வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தான் வாசிக்கும் இங்கிலீஷ் நாவலைத் தமிழில் சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் காதில் விழுந்த எதையும் நான் தவறவிட்டதில்லை.

ஆப்பிரிக்காவில் ஒரு கிராமம். வெள்ளைக்காரன் முதன்முதலாக வருகிறான். தாய்மார்கள் பிள்ளைகளைத் தானியக் குதிருக்குள் ஒளித்துவைக்கிறார்கள். அந்த இடத்தில் நான் கேட்டேன்: "முன்னால வழி காட்டிக்கிட்டு வர்றவன் அந்த ஊர்க்காரன்தானே?"

"எப்படிம்மா தெரியும்? புத்தகம் என் கையில இருக்கு, கதையை நீங்க சொல்றீங்க!"

தெரியாமல் என்ன? நான் சின்னப் பிள்ளையாக இருக்கையில், இதே ரங்கூனில் போட்டாதாங் படகுத்துறைக்குப் பின்னால், கூலி லைனில் நாங்கள் குடியிருந்தபோது என் தம்பிக்கு அம்மை போட்டது. அம்மை கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு வெள்ளைக்காரத் துரை வருவான். போன பிள்ளை திரும்பாது என்று லைன் முழுக்கப் பேச்சு. அப்பா வாசலில் தொங்கிய வேப்பிலையை அறுத்தெறிந்தார். அத்தை மறுபடியும் கட்டினாள்.

"ஆத்தா வந்திருக்கிற வீட்டு வாசலை மொட்டையா வைக்கிறதா? கண்ணைப் பிடுங்கிருவா தம்பி!"

"துரை பார்த்தான்னா பிள்ளையையே பிடுங்கிருவான் அக்கா!"

அப்பா அறுக்க, அத்தை கட்ட, அதற்குள் பூட்ஸ் சத்தம் கேட்டுவிட்டது. தம்பியைக் கட்டிலுக்கடியில் தள்ளி, போர்வையைத் தொங்கவிட்டு, அவன் வாயைப் பொத்தச் சொல்லி என்னையும் உள்ளே அனுப்பினாள் அம்மா. அவன் மூச்சு என் உள்ளங்கையைச் சுட்டது. போர்வை ஓட்டை வழியாக வாசல் தெரிந்தது. வேப்பிலை அங்கேயே தொங்கியது.

முதலில் வந்தவர் முனிசிபல் சேவகர், நம் தமிழாள். துரையைவிட அவரைக் கண்டுதான் எங்களுக்கு நடுக்கம். எந்த வீட்டில் என்ன என்பது அவருக்குத்தானே தெரியும். வேப்பிலையைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். தலைப்பாகையோடு நிலைக்காலில் சாய்ந்து நின்றுகொண்டார். இலை மறைந்துவிட்டது.

"இங்க எல்லாரும் சுகம்தாங்க, துரை."

கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்த துரை உள்ளே கால் வைக்கவில்லை. பூட்ஸ் நகர்ந்தது. சேவகர் திரும்பி, இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

லைனே எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. அடுத்த வீட்டு அக்கா, இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து, தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஆனந்தத்தில் அழுதாள். குழந்தை தம்பியின் போர்வையைப் பிடித்து இழுத்துச் சப்பியது. எல்லோரும் சிரித்தார்கள்.

தம்பி தழும்போடு பிழைத்து எழுந்தான். அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, அடுத்த வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. அப்புறம் ஒருநாள் அந்த வீட்டில் தூளியை அவிழ்த்துவிட்டு, வெறும் கயிற்றை என்னிடம் கொடுத்தார்கள்.

"நம்ம வீட்டுல இருந்த ஆத்தா அங்க போயிட்டா" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்களை விட்டுப் போய்விட்டாளே என்ற சந்தோஷத்தில் நானும் போட்டுக்கொண்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு ஊஞ்சல் கட்ட ஓடினேன்.